பழைய ஓவியத்தைப் பார்த்துத் தெருவைக் கட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

மரபுத் தெருக்களையும் கோட்டை வாயில்களையும் சீரமைக்கும் பொறியாளர்களுக்கும், அதற்கான திட்ட அறிக்கைகளை ஏற்றுக் கையெழுத்திடும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

சீரமைப்புத் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றைப் போடுவது வழக்கமாகி வருகிறது. ஒரு பழைய வளைவு, அதன் வழியே உள்ளே நீளும் தெரு, தலைப்பாகை கட்டிய நாலு பேர், ஓர் ஒட்டகமோ மாட்டுவண்டியோ. நான்கு பக்கம் தள்ளிப் பார்த்தால் அந்த ஓவியத்தில் தெருவுக்கு மேல் நீட்டி நின்ற மர மாடமும் தட்டிப் பந்தலும் கணினி வரைபடத்தில் ஏறியிருக்கும். இன்னும் பத்துப் பக்கம் தள்ளினால் விலைப்பட்டியலில் கன மீட்டர் கணக்கில் தேக்கு வந்து உட்கார்ந்திருக்கும். ஓவியத்தை யார் வரைந்தார், எந்த ஆண்டு வரைந்தார், எங்கே நின்று வரைந்தார், நம் கையில் இருப்பது மூலமா, அச்சா, அச்சைப் பார்த்து அடித்த அச்சா என்பதற்கு ஒரு வரிகூட இருக்காது.

ஓவியத்தைத் தொடவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. பல தெருக்களுக்கு அதை விட்டால் வேறு ஆதாரமே கிடையாது. ஆனால் அளந்து பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள் என்கிறோம். அளப்பது எப்படி என்பதை ஒரே ஓர் எடுத்துக்காட்டை வைத்துச் சொல்வதுதான் இந்த மடலின் வேலை. நாங்கள் எடுத்துக்கொண்டது டேவிட் ராபர்ட்ஸ் வரைந்த கெய்ரோ நகரின் பாப் சுவைலா வாயில். அந்த வாயில் இன்றும் நிற்கிறது. அதன் அளவுகள் பதிவாகியிருக்கின்றன. ஓவியம் கல்லச்சாகவும் (கல்லில் வரைந்து தாளில் எடுக்கும் அச்சு) எண்ணெய் வண்ணமாகவும் கிடைக்கிறது. ஓவியர் அந்த ஊரில் எந்த மாதங்களில் இருந்தார் என்பதும் தெரியும். நம்மூர் ஓவியங்களுக்கு இவ்வளவும் சேர்ந்து அமைவது அரிது. விடை தெரிந்த கணக்கில் வழிமுறையைச் சரிபார்த்துவிட்டு, விடை தெரியாத கணக்குக்குப் போவதுதான் முறை.

முதலில் கட்டடம். கெய்ரோவைச் சுற்றி அன்றைய எகிப்தின் தலைமை அமைச்சர் பத்ர் அல்-ஜமாலி எழுப்பிய கல்மதிலின் தெற்கு வாயில் இது. கட்டிய ஆண்டு 1092. வெளிப்பக்கம், அதாவது தெற்கில், வளைந்த முகமுள்ள இரண்டு கொத்தளங்கள். நடுவே அரைவட்ட வளைவு. உட்பக்க முகம் தட்டையானது. மொத்தக் கட்டு ஏறத்தாழ 25 மீட்டர் அகலம், பழைய தரைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 24 மீட்டர் உயரம். நடுவழியின் அகலம் 5 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மூன்று நூற்றாண்டு கழித்து, சுல்தான் முஅய்யத் ஷேக் வாயிலை ஒட்டி உள்ளே பள்ளிவாசல் கட்டியபோது, அதன் இரண்டு மினார்களுக்கும் இந்தக் கொத்தளங்களையே அடித்தளமாக்கிவிட்டார். கட்டும்போதே ஒரு மினார் சாய்ந்து, இறக்கித் திரும்பக் கட்ட வேண்டி வந்தது. ஆகவே படத்தில் நாம் பார்ப்பது ஒரு கட்டடம் அல்ல. பதினோராம் நூற்றாண்டு வாயில் மேல் பதினைந்தாம் நூற்றாண்டு மினார்கள். "மூல நிலைக்கு மீட்டல்" என்று அறிக்கையில் எழுதுகிறவர்கள் எந்த மூலம் என்று கேட்டுக்கொள்ள இது நல்ல இடம்.

அட்டவணைகளில் தேடும்போது ஒரு சிக்கல் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வாயிலைப் பாப் அல்-முத்தவல்லி என்று அழைத்தார்கள். ஆங்கிலேயர் அதை வாய்க்கு வந்தபடியெல்லாம் எழுதினார்கள். ஒரே வாயிலின் படங்கள் மூன்று நான்கு பெயர்களில் சிதறிக் கிடக்கும். உங்கள் தெருவுக்கும் பழைய பெயர், சாதிப் பெயர், கம்பெனிக் காலப் பெயர் என்று பல இருக்கும். எல்லாவற்றையும் போட்டுத் தேடாமல் "ஒரே ஒரு படம்தான் கிடைத்தது" என்று எழுதாதீர்கள்.

இனி ஓவியர். ராபர்ட்ஸ் 1796இல் எடின்பரோவில் பிறந்தவர். கட்டடங்களுக்கு வண்ணம் பூசும் ஒருவரிடம் ஏழு ஆண்டு தொழில் பழகி, பிறகு நாடக மேடைகளுக்குத் திரைச்சீலை வரைந்தவர். இந்த விவரம் வாழ்க்கைக் குறிப்புக்காக அல்ல. சுவரில் பளிங்கையும் மரத்தையும் போலியாகக் காட்டத் தெரிந்த கை அது. பத்து மீட்டர் அகல மேடைத் திரையில் பெரிய அரண்மனையைக் காட்டப் பழகிய கண் அது. மேடைத் திரையில் கட்டடம் பெரிதாகத் தோன்ற வேண்டுமானால் மனிதர்களைச் சின்னதாக்க வேண்டும். அந்தப் பழக்கம் அவரைக் கடைசி வரை விடவில்லை. 1838 செப்டம்பரில் எகிப்து வந்து, நைல் வழியே மேலே போய்த் திரும்பி, அவ்வாண்டு டிசம்பர் பிற்பகுதியிலிருந்து 1839 பிப்ரவரி முதல் வாரம் வரை கெய்ரோவில் தங்கி வரைந்தார். ஊர் திரும்பிய பின் லூயி ஹேக் என்பவர் அந்த வரைவுகளைக் கல்லில் ஏற்றினார். 1842 முதல் 1849 வரை பகுதி பகுதியாக வெளிவந்த கிட்டத்தட்ட 250 கல்லச்சுகளில் இந்த வாயிலும் அதன் மினார்களும் ஒன்றுக்கு மேற்பட்ட தாள்களில் வருகின்றன. 1843இல் ராபர்ட்ஸ் இதே வாயிலை எண்ணெய் வண்ணத்திலும் வரைந்தார். அது ஓவியச் சேகரிப்பாளர் ஷீப்ஷாங்க்ஸ் 1857இல் அளித்த கொடையின் பகுதியாக இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அப்படியானால் அடுக்கு இதுதான்: தெருவில் நின்று வரைந்த வரைவு, நாலு ஆண்டு கழித்து இலண்டனில் தீட்டிய எண்ணெய் ஓவியம், வேறொருவர் கையால் கல்லில் ஏறிய அச்சு, 1855–56இல் சிறிய அளவில் மீண்டும் வந்த பதிப்பு, அதற்குப் பின் இன்றுவரை ஓடும் நிழற்பட அச்சுகள். ஒவ்வொரு படியிலும் ஏதோ கழன்று போகிறது, ஏதோ ஒட்டிக்கொள்கிறது. உங்கள் கையில் இருப்பது எந்தப் படி என்று கண்டுபிடிக்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று போதும். ஒழுங்கான வட்டப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அது பிற்கால இயந்திர அச்சு. சாக்குக்கட்டியால் கல்லில் தேய்த்ததுபோல் ஒழுங்கற்ற பொடிமணல் அமைப்புத் தெரிந்தால் கல்லச்சு. அந்த மணல் அமைப்பின் மேல் நிறம் தனிப் படலமாகக் கிடந்து, கோட்டைத் தாண்டி வழிந்திருந்தால் கையால் பூசிய வண்ணம். படத்தின் ஓரம் வரை கத்தரித்து அட்டையில் ஒட்டிய பிரதிகளில் தலைப்பும் வெளியீட்டு வரியும் வெட்டுப்பட்டிருக்கும். அப்படியானால் வேறொரு நூலகத்தில் வெட்டாத பிரதியைப் பார்த்து ஆண்டை உறுதி செய்யுங்கள். இணையத்தில் கிடைக்கும் படம் இடம்வலம் மாறிக் கிடப்பதும் உண்டு. 1840களின் தொடக்கத்தில் கெய்ரோவில் பிரெஞ்சுக்காரர் ஜிரோ த பிராஞ்சே எடுத்த டாகெரோ வகை நிழற்படங்கள் (வெள்ளி பூசிய தகட்டில் எடுத்த தொடக்ககாலப் படங்கள்) இயல்பிலேயே கண்ணாடி பிம்பம்போல் திரும்பியிருப்பவை. ஓவியத்தையும் நிழற்படத்தையும் ஒப்பிடும்முன் இரண்டும் ஒரே பக்கம் பார்க்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறம் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் பணம் வீணாவது பெரும்பாலும் இதில்தான். "ஓவியத்தில் சுவர் பொன்மஞ்சளாக இருந்தது" என்று சொல்லிக் காவி கலந்த சுண்ணாம்பு அடிக்கிறார்கள். இந்தக் கல்லச்சுகளில் கோட்டுக் கல் ஒன்று, வெளிர் சாயக் கல் ஒன்று அல்லது இரண்டு. சாயக் கல் தாள் முழுவதிலும் ஒரே மங்கல் மஞ்சளைப் பரப்பும். வெளிச்சம் விழும் இடங்களில் மட்டும் கல்லைச் சுரண்டித் தாளின் வெண்மையைக் காட்டுவார்கள். வானத்துக்கும் சுவருக்கும் தரைக்கும் அடியில் இருப்பது அதே மஞ்சள். அது எந்தக் கட்டடத்தின் நிறமும் அல்ல. மேலே கையால் பூசிய நிறம் வேலைக்கூடத்தில் மாதிரிப் படியைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்து பூசியது. பூசியவர்கள் கெய்ரோவைக் கண்டதில்லை. பிற்காலத்தில் வியாபாரிகள் பூசியதும் நிறைய. 1856இல் கண்டுபிடிக்கப்பட்ட ஊதாச் சாயத்தின் வழிவந்த பளபளப்பான நிறங்கள் இருந்தால், அந்தப் பூச்சு நிச்சயமாகப் பிற்காலத்தது.

எண்ணெய் ஓவியத்தில் வேறு தொல்லை. மாஸ்டிக் பிசின் வார்னிஷ் ஆண்டுகள் போகப் போக மஞ்சளாகும்; நீல வானம் பச்சை தட்டும், சாம்பல் கல் பொன்னிறமாகும். நிழல்களுக்குத் தார்க்கலவை பயன்படுத்தியிருந்தால் அந்த இடம் கறுத்து, முதலைத் தோல்போல் வெடிக்கும். வளைவின் உள்நிழலில் இருந்த விவரம் அதோடு போயிற்று. நீர்வண்ணத்தில் ஈய வெள்ளை இருந்தால் காற்றிலுள்ள கந்தக வாயுவால் கறுத்துப்போகும்; வெளிச்சம் விழுந்த விளிம்பு இன்று கறுப்புக் கோடாகத் தெரியும். அதை விரிசல் என்று படித்தவர்களும் உண்டு. சிவப்புச் சாயங்கள் வெளிறிவிடும். கெய்ரோவில் இது முக்கியம், ஏனெனில் அங்கே செங்கல் சிவப்பும் வெண்மையுமாக மாறி மாறி வரும் கல்வரிசை ஒரு கட்டட மரபு. வெளிறிய பிரதியில் அந்தப் பட்டைகளே காணாமல் போகும். சுவரின் நிறம் வேண்டுமானால் சுவரைக் கேளுங்கள்: மழைநீர் படாத மூலையில், கதவுச் சட்டத்துக்குப் பின்னே, ஒரு சதுர சென்டிமீட்டரில் பூச்சை அடுக்கடுக்காகச் சுரண்டிப் பாருங்கள். அது ஓவியத்தைவிட நல்ல சாட்சி.

இனி அளவு. இதில்தான் சற்று நேரம் செலவிட வேண்டும்.

மூலப் படத்தின் உயர்தர வருடல் (ஸ்கேன்) ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்; மூலத்தின் உண்மை அளவில் அங்குலத்துக்கு 600 புள்ளியாவது வேண்டும், பக்கத்தில் அளவுகோலும் வண்ண அட்டையும் வைத்து எடுத்ததாக இருக்க வேண்டும். அதன் மேல் கண்மட்டக் கோட்டை, அதாவது ஓவியரின் கண் உயரத்தில் படத்தின் குறுக்கே ஓடும் கோட்டை, முதலில் வரையுங்கள். சுவர்களின் கிடைக் கோடுகளை, அதாவது கல்வரிசை, கடைத் திண்ணையின் விளிம்பு, மாடங்களின் அடிச்சட்டம் ஆகியவற்றை, நீட்டினால் அவை ஒரு மறைபுள்ளியில் கூட வேண்டும். இடப்பக்கச் சுவரின் கோடுகள் ஓரிடத்திலும், அதற்கு இணையான வலப்பக்கச் சுவரின் கோடுகள் வேறு உயரத்திலும் கூடினால், இரண்டு வேறு நிலைகளில் நின்று வரைந்ததை ஒட்டியிருக்கிறார் என்று பொருள். தெரு வளைந்து போனால் புள்ளிகள் பக்கவாட்டில் விலகும். அது பிழை அல்ல. உயரத்தில் விலகினால்தான் பிழை, அல்லது தெரு ஏற்ற இறக்கமாக இருந்திருக்கிறது.

அடுத்து மனிதர்களின் தலையைப் பாருங்கள். சமதரையில் நின்று வரைந்தவரின் படத்தில், அருகில் நிற்பவர் தலையும் தூரத்தில் நிற்பவர் தலையும் ஏறத்தாழக் கண்மட்டக் கோட்டிலேயே இருக்கும்; கால்தான் மேலும் கீழும் போகும். எல்லாத் தலைகளும் அந்தக் கோட்டுக்கு நன்றாகக் கீழே கிடந்தால், ஓவியர் ஒரு மாடியிலிருந்து பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆட்களைப் பின்னால் சேர்த்திருக்க வேண்டும். எது என்று தெரிந்துகொள்ள ஆட்களைக் கட்டடத்தோடு ஒப்பிடுங்கள். வாயில் வழியின் அகலம் 4.8 மீட்டர் என்றும் ஆள் உயரம் 1.65 மீட்டர் என்றும் கொண்டால், வளைவுக்கு நேர் கீழே நிற்பவர் வழியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இருக்க வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு, ஆறில் ஒரு பங்கு என்று வந்தால் ஆட்கள் சுருக்கப்பட்டிருக்கிறார்கள். அதே சதவீதத்தில் ஒட்டகமும் கடையும் சுருங்கியிருக்கும். ஓவியத்தில் உள்ள ஆளை அளவுகோலாக வைத்து மாடத்தின் உயரத்தைக் கணக்கிட்டவர் வேண்டியதைப்போல் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு பெரிய மாடம் செய்துவிடுவார். ஒப்பிடும்போது வளைவின் தளத்திலேயே நிற்பவரை மட்டும் எடுக்க வேண்டும். முன்னால் நிற்பவரை எடுத்தால் கணக்கே தப்பு.

மூன்றாவது, நின்ற இடம். இன்றும் இருக்கிற, முன்னும் பின்னுமாக நிற்கிற, உயரம் தெரிந்த இரண்டு பொருள்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் படத்திலுள்ள மில்லிமீட்டரை உண்மை மீட்டரால் வகுங்கள். அருகிலுள்ளதற்கு 10, பின்னாலுள்ளதற்கு 8 வந்தது என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடையே தரையில் 12 மீட்டர். அருகிலுள்ள பொருளிலிருந்து ஓவியர் நின்ற தூரம்: 12ஐ 8ஆல் பெருக்கி, 10க்கும் 8க்கும் உள்ள வித்தியாசமான 2ஆல் வகுத்தால் 48 மீட்டர். இப்போது தெருவுக்குப் போய் 48 மீட்டர் பின்னால் நடந்து பாருங்கள். அங்கே நிற்க இடம் இருந்தால் நல்லது. வீட்டுச் சுவர் குறுக்கே வந்தால், அந்த வீடு அப்போது இருந்ததா என்று பழைய வரைபடத்தில் பாருங்கள். கெய்ரோவுக்கு 1798–1801 பிரெஞ்சுப் படையெடுப்பின்போது எடுத்த நகர வரைபடம் இருக்கிறது. அதில் தெருவின் போக்கு தெரியும். இருந்திருக்கிறது என்றால், ஓவியர் சுவரைத் துளைத்துக்கொண்டு பின்னால் போயிருக்கிறார்.

அப்படிப் போக அவருக்குக் காரணமும் உண்டு. 20 மீட்டர் தூரத்தில் நின்று 24 மீட்டர் உயர வாயிலின் உச்சியைப் பார்க்க வேண்டுமானால் கண்ணை 48 டிகிரி மேலே தூக்க வேண்டும். அதற்கும் மேலே மினார்கள். தலையை அண்ணாந்து பார்க்கும் கண்ணுக்குச் செங்குத்துக் கோடுகள் மேலே போகப் போகச் சாய்ந்து கூடும். ஓவியத்திலோ அவை நேராக நிற்கின்றன. கீழே தெருவும் மேலே மினார் நுனியும் ஒரே தாளில், கோடு சாயாமல் வர வேண்டுமென்றால் தூரம் போக வேண்டும், அல்லது கீழ்ப்பாதியை ஒரு நிலையிலும் மேல்பாதியை வேறொரு நிலையிலும் வரைந்து இணைக்க வேண்டும். நெருக்கமான தெருவில் பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும். அதனால் கீழ்ப்பாதியில் எடுத்த அளவுவிகிதத்தை மேல்பாதிக்கு நீட்டாதீர்கள். மினாரின் அடுக்குகளைத் தனியாக, உங்கள் அளவரைவோடு (கட்டடத்தை அளந்து வரைந்த படத்தோடு) ஒப்பிட்டுத் திருத்துங்கள். அக்காலத்தில் பரவலாக இருந்த காமிரா லூசிடா என்ற, எதிரிலுள்ள காட்சியைத் தாளின் மேல் விழுவதுபோல் காட்டும் முப்பட்டகக் கருவி 1800களின் தொடக்கத்தில் வந்தது. அதை வைத்து வரைந்ததாலேயே படம் துல்லியம் என்று எண்ண வேண்டாம். கண் சற்று நகர்ந்தாலும் பிம்பம் தாளில் நழுவும்; பெரிய உயரத்தைப் பல பகுதியாக எடுத்தால் ஒவ்வொரு இணைப்பிலும் பிசகு சேரும்.

நான்காவது, வெயில். இது செலவே இல்லாத சோதனை, ஆனால் யாரும் செய்வதில்லை. கெய்ரோ 30 டிகிரி வடக்கில் இருக்கிறது. டிசம்பர் பிற்பகுதியில் நண்பகல் சூரியன் தெற்கே 36 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். 10 மீட்டர் சுவரின் நிழல் 13 மீட்டருக்கு மேல் போகும். ராபர்ட்ஸ் அங்கே இருந்த வாரங்கள் முழுவதும் வாயிலின் வடக்கு முகத்தில், அதாவது நகரத்துக்குள் பார்க்கும் தட்டை முகத்தில், நேர் வெயில் விழவே வாய்ப்பில்லை. தெற்கு முகத்தில் நாள் முழுக்க விழும். ஆகவே உள்முகம் வெயிலில் ஜொலிக்கிற படத்தைப் பார்த்தால், அந்த ஒளி இலண்டன் வேலைக்கூடத்தில் ஏற்றியது என்று தயங்காமல் குறியுங்கள். நிழல் குட்டையாக, சூரியன் உச்சியில் நிற்பதுபோல் விழுந்தாலும் அப்படியே. ஒளியை மாற்றியவர் ஒளியோடு சேர்த்து வேறு எதையும் மாற்றவில்லை என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

இந்தச் சோதனையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரும்போது கணக்கு மாறும், கவனியுங்கள். மதுரை 10 டிகிரிக்குச் சற்றுக் குறைவு, தரங்கம்பாடி 11. ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் பிற்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். வடக்கு முகத்தில் உச்சிவெயில் இருந்தால் நம்மூரில் அது பிழை அல்ல. ஓவியர் வந்த மாதத்தைச் சொல்லும் குறிப்பு.

ஐந்தாவது, தரை. எல்லாப் பழைய நகரங்களிலும் தெரு உயர்ந்துகொண்டே போகும்: இடிந்த வீட்டு மண், சாம்பல், மேல் மேலாகப் போட்ட தளம். பாப் சுவைலாவுக்கு வெளியே எதிரிலேயே 1160இல் கட்டிய சாலிஹ் தலாயி பள்ளிவாசல் இருக்கிறது. தரையில் கடைகளும் அவற்றின் மேல் தொழுகைக்கூடமுமாகக் கட்டியது. இன்று அந்தக் கடைகள் தெருமட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் கிடக்கின்றன. வாயிலின் பெரிய கதவுகளும் மண்ணில் புதைந்து அசையாமல் நின்றவை. 1998 தொடங்கி அமெரிக்க எகிப்து ஆய்வு மையம் செய்த பாதுகாப்புப் பணியில்தான் விடுபட்டன. ஆக, 24 மீட்டர் என்ற உயரம் 1092ஆம் ஆண்டுத் தரையிலிருந்து. ராபர்ட்ஸ் பார்த்தது அதைவிடக் குட்டையான வாயில். படத்தின் உயர அகல விகிதத்தைச் சோதிக்கும்போது அந்த வேறுபாட்டைக் கழிக்காவிட்டால், சரியாக வரைந்த ஓவியரையும் பொய்யர் என்பீர்கள். சீரமைப்பில் இதன் விளைவு இன்னும் மோசம்: ஓவியத்தில் உள்ள திண்ணை உயரத்தை இன்றைய தார்ச்சாலையிலிருந்து அளந்து கட்டினால், மழைநீர் எங்கே போகும் என்று பிறகு தேட வேண்டியதுதான். வேலை தொடங்கும்முன் வாயிலடியில் ஒரு சோதனைக்குழி, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், தொல்லியலாளர் மேற்பார்வையில் தோண்டி, தள அடுக்குகளைப் பதிவு செய்யுங்கள்.

இவ்வளவு சந்தேகப்பட்ட பின் ஓவியத்தில் எதைத்தான் நம்புவது? எங்கள் அனுபவத்தில், ஓவியருக்கு அக்கறை இல்லாத விஷயங்களை நம்பலாம். எந்தக் கட்டடம் எதை மறைத்து நிற்கிறது, கூரைவரிசை எங்கே ஏறி எங்கே இறங்குகிறது, ஒரு சுவர் இன்னொன்றில் போய் முட்டுகிற இடம், மழைநீர்த் தூம்பு, அடைத்துப்போட்ட சன்னல். இவை அழகுக்குப் பயன்படாதவை, இருந்ததால்தான் வரைந்திருப்பார். எண்ணிக்கையையும் பெரும்பாலும் நம்பலாம்: எத்தனை வளைவு, எத்தனை அடுக்கு. இந்த வாயில் கதவில் நோய் தீர வேண்டி மக்கள் ஆணி அடிப்பதும் துணி கட்டுவதும் 1830களில் எழுத்தில் பதிவாகியிருக்கிறது. பாதுகாப்புப் பணியிலும் ஆணிகள் கிடைத்தன. ஒரு படத்தில் கதவு நிறைய ஆணித்தலைகள் தெரிந்தால், எழுத்தும் பொருளும் துணை நிற்பதால் அதை ஏற்கலாம்.

நம்பக் கூடாதவை: ஆட்களின் உடை, கூட்டத்தின் அளவு, தொங்கும் கம்பளம், நாய், ஒட்டகம். இவை ஒரு குறிப்பேட்டிலிருந்து இன்னொரு படத்துக்குப் போய்வருபவை. சிதிலத்தையும் நம்பாதீர்கள். உதிர்ந்த காரையும் பிளவில் முளைத்த புல்லும் அக்காலத்தில் விலைபோன அழகு. வாங்குவோர் கேட்டதை வரைந்தார்கள். நடுவில் நிற்பவை மர மாடங்கள், பந்தல்கள், கடை முகப்புகள். அவற்றுக்கு இரண்டாவது ஆதாரம் வேண்டும்: பிரான்சிஸ் ஃப்ரித் போன்றோர் 1850களின் பிற்பகுதியில் எடுத்த நிழற்படம், பயணக் கட்டட வரைஞர் எடுத்த அளவரைவு, அல்லது சுவரிலேயே உத்தரம் செருகியிருந்த குழியின் தடம். சுவரில் குழி இருந்து ஓவியத்திலும் மாடம் இருந்தால் கட்டுங்கள். ஓவியத்தில் மட்டும் இருந்தால் கட்டாதீர்கள். தகவல் பலகையில் படத்தைப் போட்டால் போதும்.

நம் பக்கத்துக்கு வருவோம். தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் 1792–93இல் தென்னிந்தியாவில் சுற்றி வரைந்த படங்கள்தான் இங்கே அறிக்கைகளில் அடிக்கடி வருபவை. மதுரை நாயக்கர் அரண்மனையின் இடிபாடும் அவற்றில் ஒன்று. அவர்கள் இருட்டுப்பெட்டிக் காமிராவைப் பயன்படுத்தியவர்கள், பொதுவாக ராபர்ட்ஸைவிட அடக்கமான கை. ஆனாலும் வரைந்தது ஓரிடம், அச்சுக்குச் செதுக்கியது இலண்டனில், வண்ணம் பூசியது மூன்றாவது கை. மேலே சொன்ன சோதனைகள் அத்தனையும் அவற்றுக்கும் பொருந்தும். அந்த அரண்மனை 1860களின் பிற்பகுதியில் தொடங்கிப் பழுதுபார்க்கப்பட்டது என்பதால், இன்று நிற்கும் வளைவை வைத்து அன்றைய படத்தைச் சரிபார்க்கும்முன் எது பழைய கட்டு, எது பழுதுபார்த்த கட்டு என்று பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கும். தரங்கம்பாடியில் 1792இல் எழுந்த நகர வாயிலும் அதற்குள் கடலை நோக்கிப் போகும் கிங் தெருவும் இந்த முறையைப் பழகிப்பார்க்கச் சிறந்த இடம்: வாயில் நிற்கிறது, தெரு நேரானது, நின்று பார்க்கத் தூரம் இருக்கிறது.

நாங்கள் கேட்பவை பெரிதல்ல. திட்ட அறிக்கையில் ஓவியம் ஒன்று சேர்த்தால் அதனடியில் ஓவியர், வரைந்த ஆண்டு, அச்சான ஆண்டு, மூலமா அச்சா என்ற படிநிலை, எந்தச் சேகரிப்பு என்று ஐந்து விவரம் கட்டாயமாக்குங்கள். ஓவியத்தின் மேல் கண்மட்டக் கோடும் மறைபுள்ளிகளும் வரைந்த தாள் ஒன்றை இணைப்பாகக் கேளுங்கள். பழகிய இருவருக்கு, லேசர் அளவியும் டேப்பும் இருந்தால் அதிக நேரம் பிடிக்காத வேலை அது. விலைப்பட்டியலில் ஓவியத்தை மட்டுமே ஆதாரமாகக் கொண்ட உருப்படிகளைத் தனி நிறத்தில் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது ஆதாரம் வரும்வரை அவற்றுக்குப் பணம் ஒதுக்காதீர்கள். புதிதாகச் செருகும் மரத்திலும் கல்லிலும் பின்பக்கம் ஆண்டைப் பொறிக்கச் சொல்லுங்கள். மூல ஓவியம் உங்கள் பொறுப்பில் இருந்தால், விளம்பரத்துக்காக வெயில் படும் வரவேற்பறையில் மாட்டாதீர்கள்: நீர்வண்ணத்துக்கும் கைவண்ணம் பூசிய அச்சுக்கும் ஒளி 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு), எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ், ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள்.

சாரம் கட்டும் முன், உங்கள் தெருவை இன்றிருக்கும் நிலையில் முழுமையாகப் பதிவு செய்துவிடுங்கள். ஒவ்வொரு நிழற்படமும் அடுத்ததோடு 70 சதவீதமாவது ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். சுவரில் அளவு தெரிந்த குறிகள் ஒட்டியிருக்க வேண்டும். எடுத்த தேதியும் நேரமும் கோப்பிலேயே இருக்க வேண்டும். கோப்புகளின் ஒரு படியை ஒப்பந்ததாரரிடம் மட்டும் விட்டுவிடாமல் மாவட்ட ஆவணக் காப்பகத்திலும் வையுங்கள்.

இப்படிக்கு,
கட்டட அளவரைவிலும் பழைய அச்சுப்படப் பாதுகாப்பிலும் வேலை செய்யும் சிலர்